ஓ.கே. – ஒரு சொல்லின் பிறப்பும் அதனைச் சூழ்ந்த கதைகளும்

ஒரு சொல் எப்பொருளைக் குறிக்கின்றது என்று கூறுதல் எளிது. அப்பொருள் அச்சொல்லுக்கு எவ்வாறு வந்தது என்று கூறுதல் அரிது. சொல்லின் காரணம் பார்த்த மாத்திரத்தில் கண்ணுக்குப் புலப்படுவதன்று என்பதைத் தொல்காப்பியனார் உரியியலில் உணர்த்திச் சென்றார். தமிழ்ச் சொற்களை நோக்கி அவர் விடுத்த எச்சரிக்கை, பிறந்து இருநூறு ஆண்டும் நிரம்பாத ஆங்கிலச் சொல் ஒன்றுக்கும் முற்றும் பொருந்துகின்றது. அச்சொல் 'ஓ.கே.' என்பது.

இச்சொல்லை அறியாதார் இன்று எவருமிலர். கோலாலம்பூர்க் கடைத்தெருவிலும் சிங்கப்பூர்ச் சந்தையிலும் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் தத்தம் மொழியிடையே இதனைக் கலந்து பேசுகின்றனர். மலாய் மொழி இதனைத் தன் எழுத்துக்கூட்டலுக்கு இயைய மாற்றி எழுதிக்கொண்டது. இவ்விரு நாட்டு ஆங்கிலப் பேச்சில் 'லா' என்னும் வாலொன்றும் சேர்ந்து 'ஓகே லா' என நடமாடுகின்றது. தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டிற் சேரும் குழந்தை, ஆங்கில எழுத்து இருபத்தாறையும் கற்று முடிக்குமுன்னரே, "ஓகே ஐயா" என்று தலையசைக்கின்றது.

இத்துணைப் பரவிய சொல் எங்கே பிறந்தது? பத்துப் பேரை வினவினால் பத்து விடை கிடைக்கும். விடைகள் பலவாக இருப்பது வியப்பன்று. ஒவ்வொரு விடையும் சிறிதும் ஐயமின்றிக் கூறப்படுவதே வியப்பு. அவ்விடைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். சொல்லாராய்ச்சியில் எது சான்று, எது சான்றன்று என்பதை இச்சொல்லைப்போல் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு வேறொன்று கிடைப்பது அரிது. தமிழராகிய நமக்கு அத்தெளிவு பெரிதும் வேண்டப்படுவது. அதன் காரணத்தை இறுதியிற் காண்போம்.

பொருள் வகை

பிறப்பை ஆராயுமுன் பொருளை வகுத்துக்கொள்ளுதல் முறை. 'ஓ.கே.' என்பது இன்று ஐந்து வகையான பொருளில் வழங்குகின்றது.

முதலாவது, இசைவு. "நாளைக்கு வருகிறாயா?" என்ற வினாவுக்கு "ஓ.கே." என்பது விடையானால், வர இசைந்தான் என்பது பொருள். இரண்டாவது, பிழையின்மை. "கணக்கைப் பார்த்தேன், ஓ.கே." என்றால் கணக்கில் தவறில்லை என்பது பொருள். மூன்றாவது, நலம். மிதிவண்டியிலிருந்து விழுந்தவனை நோக்கி "ஓ.கே.யா?" என்று வினவுகின்றோம். நான்காவது, நடுத்தரம். "சாப்பாடு எப்படி?" என்று கேட்டவருக்கு "ஓ.கே." என்று விடை வந்தால், சமைத்தவர் அதனைப் பாராட்டாகக் கொள்ளமாட்டார். ஐந்தாவது, பேச்சின் திருப்பம். "ஓ.கே., அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்" என்னும் ஆசிரியர் எதற்கும் இசைவு தரவில்லை. முடிந்தது முடிந்தது, இனி அடுத்தது என்று அறிவிக்கின்றார்.

இவையன்றிப் பெயராகவும் வினையாகவும் இச்சொல் வரும். மேலாளர் ஓ.கே. கொடுத்தார் என்பதும், விண்ணப்பத்தை ஓ.கே. செய்தார் என்பதும் நாம் நாள்தோறும் கேட்பன. இரண்டெழுத்துக் குறுக்கம் ஒன்று இலக்கண வகை பலவற்றிலும் புகுந்து புறப்படுவது ஆங்கிலத்திலேயே அருமையானது.

இவ்வைந்து பொருளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை விளங்கும். எவ்விடத்தும் இச்சொல் புகழ்வதில்லை, மகிழ்வதுமில்லை. 'குறையொன்றும் இல்லை' என்ற அளவில் நின்றுவிடுகின்றது. நம் 'சரி' என்னும் சொல் முதலிரண்டு பொருளையும் ஐந்தாவதையும் செவ்வனே தாங்கும். மூன்றாவதற்கு 'நலம்' உண்டு. நான்காவதற்குப் 'பரவாயில்லை' உண்டு. நாம் இரண்டு மூன்று சொற்களாற் பகுத்துக் கூறுவதை ஆங்கிலம் ஒரு சொல்லிற் கட்டிவிட்டது. 'குறையில்லை' என்னும் இவ்வடிப்படைப் பொருளை வாசகர் நினைவிற் கொள்க. பிறப்பை ஆராயும்போது அது துணைநிற்கும்.

ஆண்டுக் கணக்கில் வீழும் கதைகள்

இச்சொல்லுக்குக் கூறப்படும் பிறப்புக் கதைகளில் ஒரு பகுதி ஆண்டுக் கணக்கு ஒன்றினாலேயே வீழ்ந்துவிடும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, படைவீரருக்கு வழங்கிய ரொட்டியின்மேல் ஓரின் கெண்டால் என்னும் வணிகப் பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன என்றும், ரொட்டி நன்றாயிருந்தமையால் அவ்வெழுத்துகளே நன்மைக்குப் பெயராயின என்றும் ஒரு கதை உண்டு. அதே போரில், அன்றைய சண்டையில் இறந்தவர் ஒருவருமில்லை என்பதைக் குறிக்கச் சுழியத்தை 'ஓ' என்றும், கொல்லப்பட்டார் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் 'கே' என்றும் பலகையில் எழுதினர் என்பது இன்னொரு கதை. ஒபதாயா கெல்லி என்னும் இரயில்வே எழுத்தர் சரக்குச் சீட்டுகளில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கையொப்பமாக இட்டார் என்பது மூன்றாவது. தந்தி அடிப்போர் வகுத்துக்கொண்ட குறியீடு இது என்பது நான்காவது.

கேட்பதற்கு இவை இனியனவே. ஆயின், 'ஓ.கே.' என்பது 1839ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. 1861இல் தொடங்கிய போர் அதற்குத் தாயாதல் எங்ஙனம்? மோர்சு தம் புகழ்பெற்ற தந்திச் செய்தியை வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பியது 1844இல். ஆகவே தந்தியும் தாயன்று. கெல்லியின் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றேனும் 1839க்கு முற்பட்டதாக எவரும் காட்டினாரல்லர். பேரன் பிறந்தபின் பாட்டன் பிறந்தான் என்று கூறும் கதையை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் வரலாறு ஏற்காது.

ஒலியொப்புமைக் கதைகள்

மற்றொரு பகுதி ஒலியொப்புமையை மட்டும் நம்பி எழுந்தது. கிரேக்கர் 'ஓலா கலா' என்பர். எல்லாம் நலம் என்பது அதன் பொருள். ஸ்காத்துலாந்தார் 'ஓக் ஐ' என்பர். ஆம் ஆம் என்பது பொருள். பின்லாந்தார் மொழியில் 'ஓய்க்கெயா' என்பது சரியானது என்று பொருள்படும். பிரெஞ்சு மொழியில் 'ஓ கே' என்று ஒலிக்கும் தொடருக்குத் துறைமேடைக்கு என்பது பொருள். எயிட்டித் தீவில் 'ஓ காய்' என்று ஒரு துறைமுகம் உண்டு. அங்கிருந்து வந்த சாராயம் சிறந்தது, அதனால் அப்பெயர் சிறப்பைக் குறித்தது என்பாரும் உளர்.

இவற்றுள் சில ஒலியாலும் பொருளாலும் நெருங்கியே நிற்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்நெருக்கமே இக்கதைகளின் பகையாகின்றது. ஒரு குழந்தைக்கு ஐந்து தாய்மார் உரிமை கோரி, ஐவரும் "முகம் பார், என் சாயல்" என்ற ஒன்றையே சான்றாகக் காட்டுவாராயின், நடுவர் என் செய்வார்? குறைந்தது நால்வர் கூற்றேனும் பொய்யாதல் வேண்டும். நால்வரைப் பொய்யாக்கிய சாயல் என்னும் சான்று, ஐந்தாமவரை மட்டும் மெய்யாக்கும் வலிமை பெறுமோ? உலகில் மொழிகள் பல்லாயிரம் உள. ஓர் உயிரும், ககர மெய்யும், மற்றோர் உயிருமாக அமைந்த இச்சிறு ஒலிக்கூட்டம் அவற்றிற் பலவற்றில் ஏதேனுமொரு நற்பொருளோடு தற்செயலாகவே காணப்படும்.

ஆதலின் சாயல் மட்டும் போதாது. மூன்று வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். அச்சொல் முதன்முதல் எந்த ஆண்டில், எந்த ஊரில் காணப்படுகின்றது? அவ்வூரில் அவ்வாண்டில் அம்மொழி பேசுவோர் இருந்தனரா? அம்மொழிச் சொல்லிலிருந்து இச்சொல்லுக்கு வந்த வழி எழுத்திலோ வழக்கிலோ படிப்படியாகக் காணக்கிடக்கின்றதா? இம்மூன்றுக்கும் விடையளிக்கும் கொள்கையே ஆராய்ச்சி எனப்படும். பிற எல்லாம் கதை எனப்படும்.

போஸ்டன் நகரத்து வேடிக்கை

இம்மூன்று வினாவையும் முறையாக எழுப்பி விடை தேடியவர் ஆலன் வாக்கர் ரீடு என்னும் அமெரிக்கப் பேராசிரியர். 1906இல் பிறந்து 2002இல் மறைந்த அவர், நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். பழைய நாளிதழ்களின் கட்டுகளைத் தாள் தாளாகப் புரட்டி, தாம் கண்டவற்றை 1963, 1964ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்னும் ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார்.

அவர் கண்ட மிகப் பழைய சான்று, 1839 மார்ச் 23ஆம் நாள் 'போஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் உள்ளது. அவ்விதழின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். போஸ்டனில் 'மணியடிப்பு எதிர்ப்புக் கழகம்' என்ற பெயரில் வேடிக்கைக் கழகம் ஒன்று இருந்தது. அக்கழகத்தார் நியூயார்க் செல்லும் வழியில் பிராவிடன்ஸ் நகரைக் கடப்பது பற்றி, அந்நகரத்து இதழைக் கிண்டல் செய்து எழுதிய சிறு குறிப்பு அது. அதனிடையே 'ஓ.கே.' என்னும் எழுத்துகள் வருகின்றன. அவற்றையடுத்து ஒரு கோடிட்டு, 'ஆல் கரெக்ட்' என்ற விரிவும் உடனே தரப்பட்டுள்ளது. 'எல்லாம் சரி' என்பது அதன் பொருள்.

இங்கே வாசகர் ஒரு வினா எழுப்பலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஆல்' என்பதன் முதலெழுத்து 'ஏ'. 'கரெக்ட்' என்பதன் முதலெழுத்து 'சி'. ஆகவே குறுக்கம் 'ஏ.சி.' என்றன்றோ இருத்தல் வேண்டும்? 'ஓ.கே.' ஆனது எவ்வாறு?

வேடிக்கை அதிலேதான் உள்ளது. 1838ஆம் ஆண்டு முதல் போஸ்டன் பத்திரிகையாளரிடையே ஒரு விளையாட்டு வழக்கம் பரவியிருந்தது. தொடர்களை முதலெழுத்துகளாற் குறுக்குவது அதன் முதற்படி. எழுத்தறியாதவன் காதிற் கேட்டபடி எழுதினாற்போல் பிழைபடக் கூட்டி, அப்பிழையைக் குறுக்குவது இரண்டாம்படி. 'ஆல் ரைட்' என்பதைத் தப்பும் தவறுமாகக் கூட்டி 'ஓ.டபிள்யூ.' என்று எழுதினர். பயனில்லை என்று பொருள்படும் 'நோ யூஸ்' என்பதன் 'நோ' என்னும் சொல்லை, 'அறி' என்று பொருள்படும் அதே ஒலியுடைய வேறு சொல்லின் எழுத்தால் எழுதி, 'கே.ஒய்.' என்று குறுக்கினர். இந்தக் கூட்டத்தில் ஒன்றாகப் பிறந்ததே 'ஓ.கே.'

எல்லாம் சரி என்று அறிவிக்கும் இக்குறுக்கத்தில் ஓரெழுத்தேனும் சரியில்லை. முதலெழுத்தும் பிழை, இரண்டாமெழுத்தும் பிழை. பிழையே உருவான ஒன்று 'பிழையில்லை' என்று பறைசாற்றுவதே அன்றைய வாசகரை நகைக்க வைத்தது. இன்று உலகமெலாம் இச்சொல்லை ஆள்கின்றது. நகைச்சுவையை மட்டும் மறந்துவிட்டது.

மேற்கூறிய மூன்று வினாவுக்கும் இங்கே விடை உண்டு. ஆண்டு தெரிகின்றது, ஊர் தெரிகின்றது. 'ஓ.டபிள்யூ.' முதலிய உடன்பிறப்புகள் இருத்தலின் வழியும் தெரிகின்றது. சொல்லை அச்சிட்டவரே பொருளையும் அருகில் அச்சிட்டுவிட்டார். பொருள் வகையில் நாம் கண்ட 'குறையில்லை' என்னும் அடிப்படையும் இதனோடு இயைகின்றது.

தேர்தல் தந்த வாழ்வு

'ஓ.டபிள்யூ.' இறந்தது, 'கே.ஒய்.' இறந்தது, 'ஓ.கே.' மட்டும் பிழைத்தது ஏன்? பிறப்பினும் இவ்வினா சுவை மிக்கது.

1840இல் அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தது. பதவியிலிருந்த மார்ட்டின் வான் பியூரன் மறுமுறை போட்டியிட்டார். அவர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் என்னும் ஊரிற் பிறந்தவர். ஆதலின் அவரை ஆதரவாளர் 'ஓல்டு கிண்டர்ஹூக்', அதாவது கிண்டர்ஹூக்குப் பெரியவர், என்று அழைத்தனர். அப்பெயரின் முதலெழுத்துகள் 'ஓ.கே.' ஆயின. 1840 மார்ச் மாதத்தில் நியூயார்க்கில் 'ஓ.கே. கழகம்' என்ற பெயரில் அவர் கட்சியினர் திரண்டனர். கிண்டர்ஹூக்குப் பெரியவர், எல்லாம் சரி என்னும் இரு பொருளும் ஒரே முழக்கத்தில் அடங்கின.

எதிர்க்கட்சியினர் வாளாவிருப்பரோ? அவ்விரண்டெழுத்துக்கே தம் விருப்பம்போல் விரிவு கூறத் தலைப்பட்டனர். கையிற் காசில்லை என்று பொருள்படும் விரிவொன்றைக் கட்டினர். பெருங்கேடு என்று பொருள்படும் விரிவொன்றையும் கட்டினர். வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். ஆனால் தேர்தற் கூச்சலில் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவிய அவ்விரண்டெழுத்து தோற்கவில்லை.

அதே தேர்தலில் மற்றொரு கதையும் கிளப்பப்பட்டது. வான் பியூரனுக்கு முன் 1829 முதல் 1837 வரை அதிபராயிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டல் தெரியாது என்றும், அரசாங்கத் தாள்களில் 'எல்லாம் சரி' என்று எழுதும்போது பிழைபட எழுதி 'ஓ.கே.' எனக் குறுக்கினார் என்றும் பகடி செய்தனர். ஜாக்சன் அவ்வாறு எழுதிய தாள் ஒன்றும் கிடைக்கவில்லை. எள்ளல் செய்வதற்குக் கட்டிய கதையை வரலாறாக நம்பியோர் பலர். ஆயினும், தாளில் ஒப்புதல் எழுதும் குறி இது என்ற எண்ணத்தை அக்கதை மக்கள் மனத்திற் பதித்தது. பொய்க்கதை ஒன்று மெய்வழக்கைத் தோற்றுவித்த விந்தை இது. 2010இல் இச்சொல்லைப் பற்றித் தனிநூல் எழுதிய ஆலன் மெட்காஃப் இதனை நன்கு எடுத்துக்காட்டியுள்ளார்.

ஏட்டைப் படிக்கும் முறை

ஜாக்சனைப் பற்றிய மற்றொரு சான்று நம் கவனத்துக்குரியது. டென்னசியின் சம்னர் வட்டத்து நீதிமன்ற ஏட்டில், 1790ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றில், ஜாக்சன் மெய்ப்பித்த விற்பனைச் சீட்டைப் பற்றிக் கூறுமிடத்தில் 'ஓ.கே.' காணப்படுகின்றது என்றனர். ஜாக்சன் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பார்ட்டன் 1860இல் இதனை நூலிலும் ஏற்றினார். 1790 என்பது 1839க்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. மெய்யாயின் ரீடின் கோட்டை இடிந்துவிடும்.

பின்னர் மூல ஏட்டையே எடுத்து நோக்கினர். அங்கிருந்த எழுத்து 'கே' அன்று, 'ஆர்'. 'ஓ.ஆர்.' என்பது 'பதிவு செய்ய ஆணையிடப்பட்டது' என்னும் நீதிமன்றத் தொடரின் குறுக்கம். எழுத்தரின் கையெழுத்துச் சுழிப்பில் ஓரெழுத்து மற்றோரெழுத்தாகத் தோன்றியது. அச்சிட்ட நூலை நம்பியோர் ஏமாந்தனர். மூலத்தைத் தொட்டுப் பார்த்தவர் உண்மை கண்டனர். ஓலைச்சுவடியில் புள்ளியும் காலும் மயங்கி, ஓரெழுத்து வேறுபாட்டால் பாடம் மாறிப் பொருள் மாறிய இடங்களைப் பதிப்பாசிரியர்வழி அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் அருமையை விரித்துக் கூற வேண்டியதில்லை.

ரீடின் பெருமையைக் காட்டும் செய்தி ஒன்றையும் இங்கே குறித்தல் தகும். அவரே 1941இல் எழுதிய கட்டுரையில், இச்சொல்லின் பிறப்பிடம் கிண்டர்ஹூக்குப் பெயர்தான் என்று கூறியிருந்தார். அறிஞருலகம் அதனை ஏற்றுக்கொண்டது. அத்துடன் அவர் அமைந்திருக்கலாம். ஆயினும் தேடலை விட்டாரல்லர். தேர்தலுக்கு ஓராண்டு முற்பட்ட 1839ஆம் ஆண்டுச் சான்று கிடைத்ததும், தம் கொள்கையைத் தாமே திருத்தி எழுதினார். தம் கருத்தினும் சான்று பெரிது என்று கொண்ட நெஞ்சம் அது.

எழுதப்படாதார் பேச்சு

இனி ரீடின் கொள்கைக்கு எதிராக நிற்கும் இரண்டினை ஆராய்தல் வேண்டும். இவை முற்கூறிய கதைகளைப்போல் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல.

முதலாவது, சாக்தாக் கொள்கை. சாக்தா மக்கள் மிசிசிப்பிப் பகுதியில் வாழ்ந்த பழங்குடியினர். 1830இல் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்கீழ் அவர்களிற் பெரும்பாலார் சொந்த மண்ணைவிட்டு மேற்கே பெயர்க்கப்பட்டனர். அவர்கள் மொழியில் 'ஓக்கே' என்பது போன்ற ஒலியுடைய சொல் 'அது அவ்வாறே' என்று பொருள்படும். 1885இல் இக்கொள்கை எழுத்தில் முன்வைக்கப்பட்டது. 1913 முதல் 1921 வரை அதிபராயிருந்த உட்ரோ வில்சன் இதனை நம்பி, தாள்களில் சாக்தா முறையிலேயே எழுத்துக்கூட்டி எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அகராதிகளும் இதனை ஏற்றன.

இரண்டாவது, ஆப்பிரிக்கக் கொள்கை. இலண்டனைச் சார்ந்த மொழியறிஞர் டேவிட் டால்பி 1969இல் இதனை வெளியிட்டார். செனிகல், காம்பியா நாடுகளில் வழங்கும் வோலோப் மொழியில் 'வாவ்' என்பது ஆம். அதனோடு அழுத்தம் தரும் 'கே' சேர்ந்து 'வாவ் கே' என்றாகும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் பேசிய இது அமெரிக்கப் பேச்சிற் புகுந்தது என்பது அவர் கருத்து.

இவ்விரு கொள்கைக்கும் முதலிரண்டு வினாவுக்கு விடை உண்டு. அம்மக்கள் அந்நாட்டில் அக்காலத்தில் வாழ்ந்தனர். அவர்கள் மொழியை வெள்ளையர் காதாற் கேட்டனர். மூன்றாம் வினாவில்தான் இடர்ப்பாடு. அவர்கள் வாய்ச்சொல்லிலிருந்து போஸ்டன் நாளிதழ் வரை வந்த வழி எழுத்திற் காணப்படவில்லை. ஆகவே இவற்றை ஒதுக்குதல் வேண்டும் என்பர் ரீடும் அவர் வழியினரும்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்தித்தல் கடன். எழுத்திற் காணவில்லை என்பது உண்மை. ஆனால் அம்மக்கள் பேச்சை அன்று எழுதிவைத்தவர் யார்? அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே சட்டத்தால் தண்டிக்கப்பட்ட காலம் அது. பத்திரிகையாசிரியனின் விளையாட்டுச் சொல் மறுநாளே அச்சேறியது. வயலிற் பாடுபட்டவன் சொல் நூறாண்டு வழங்கினும் ஓர் ஏட்டிலும் ஏறாதிருக்கலாம். தோட்ட மக்கள் காலையில் கூடிய இடத்தைப் பெரட்டுக்களம் என்றனர் நம் முன்னோர். தலைமுறை தலைமுறையாக வழங்கிய அச்சொல்லைப் பழைய அச்சேடுகளில் தேடுவோர் எத்தனை இடத்திற் காண்பர்? அச்சில் இல்லை, ஆதலின் வழக்கில் இல்லை என்று கூறுவது, எழுதும் வாய்ப்புப் பெற்றார்க்கும் பெறாதார்க்கும் ஒரே நிறைகோல் பிடிப்பதாகும். ரீடின் முறையில் நாம் காணும் குறை இதுவே.

எனினும், குறையைக் கண்டோம் என்பதற்காக நிறையை மறத்தல் ஆகாது. போஸ்டன் சான்று வெறும் எழுத்துருவன்று. அச்சிட்டவரே விரிவு தந்த சான்று. அதே ஊரில் அதே வேளையில் அதே அச்சில் வார்த்த வேறு குறுக்கங்களும் உள. ஆப்பிரிக்கச் சொல்லோ சாக்தாச் சொல்லோ முன்னரே காதிற் பழகியிருந்தமையால், இக்குறுக்கம் சில இடங்களில் எளிதிற் பரவியிருக்கலாம் எனக் கருதுவது தவறன்று. அது கருத்தளவில் நிற்கத்தக்கது, முடிவாகக் கூறத்தக்கதன்று. பிறப்பு போஸ்டன், வளர்ப்பு 1840ஆம் ஆண்டுத் தேர்தல். கிடைத்துள்ள சான்றுகளைக் கொண்டு நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவே.

உலகு சூழ்ந்த வழி

பிறகு நடந்ததைச் சுருங்கக் கூறலாம். தந்தி இச்சொல்லைப் பெறவில்லை. ஆனால் சுமந்து சென்றது. செய்தி வந்து சேர்ந்தது என்று அறிவிக்க இரண்டெழுத்துக் குறி தந்திக்காரருக்கும் இரயில்வேக்காரருக்கும் மிக வாய்ப்பாக அமைந்தது. பின்னர்த் திரைப்படமும் போர்ப்படைகளும் வானொலியும் இதனைக் கண்டந்தோறும் கொண்டுசேர்த்தன. 1969 ஜூலை 20ஆம் நாள் அமெரிக்க விண்கலம் நிலவில் இறங்கியபோது, பொறி நின்றதை அறிவித்த ஆல்டிரினின் பேச்சிலும் இச்சொல் வந்தது. மனிதன் நிலவில் உதிர்த்த முதற்சில சொற்களுள் 1839ஆம் ஆண்டுப் பத்திரிகை வேடிக்கையும் ஒன்றாயிற்று.

நமக்குரிய பாடம்

தமிழராகிய நமக்கு இவ்வாராய்ச்சியால் என்ன பயன்?

தாய்மொழிப் பற்று மிகுதியால், ஆங்கிலச் சொல்லெதனைக் கண்டாலும் அதற்குத் தமிழ் மூலம் காட்ட முனைவோர் நம்மிடையே உளர். ஒலி ஒத்தாற் போதும், கைதட்டலுக்குக் குறைவிராது. பேச்சு மேடையில் கேட்டதை மாணவன் கட்டுரையில் எழுதுகின்றான். ஆசிரியர் திருத்தத் தயங்குகின்றார். திருத்தினால் மொழிப்பற்றில்லாதவர் என்ற பழி வருமோ என்று அஞ்சுகின்றார்.

ஓர் எடுத்துக்காட்டு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'காஷ்' நம் 'காசு' என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். ஒலி ஒக்கின்றது, பொருளும் ஒக்கின்றது. ஆயினும் ஆங்கிலத்தில் அவ்வடிவில் இரண்டு சொற்கள் உள. ரொக்கத்தைக் குறிப்பது, பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. தென்னிந்தியச் சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொன்றே நம் 'காசு'. போர்த்துகீசியர் வாய்வழி ஆங்கிலம் புகுந்தது. இரண்டையும் ஒன்றெனக் கூறினால், மெய்யாகவே நம்முடையதான இரண்டாவதன் மதிப்பும் கெடும்.

சான்றோடு நம்முடையன என்று நிறுவப்பட்டவை இல்லையோ? உள. கட்டுமரம் ஆங்கிலத்திற் கப்பலேறியது. சுருட்டு ஆங்கிலேயர் வாயிற் புகைந்தது. மிளகுத்தண்ணீர் அவர்கள் மேசையிற் பரிமாறப்பட்டது. இவற்றின் மூலம் தமிழ் என்று ஆங்கில அகராதிகளே எழுதுகின்றன. பொய்யுரிமை ஒன்று பத்து மெய்யுரிமையைச் சந்தேகத்துக்குள்ளாக்கும் என்பதை மொழிப்பற்றுடையோர் நன்கு உணர்தல் வேண்டும்.

வகுப்பறையில் இதனைக் கற்பித்தல் கடினமன்று. ஆசிரியப் பயிற்சியில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்று நமக்குக் கற்பித்தனர். மாணவனுக்கு மிகத் தெரிந்த சொல் 'ஓகே' என்பதே. அதனையே கரும்பலகையில் எழுதி, இதன் பிறப்புப் பற்றி நீ கேட்ட கதை என்ன, அக்கதை எந்த ஆண்டைச் சார்ந்தது, அச்சொல் அச்சிலேறியது எந்த ஆண்டு என்று அடுத்தடுத்து வினவலாம். ஐந்தாம் ஆண்டு மாணவன் தானே கணக்கிட்டு, ரொட்டிக் கதை பொருந்தாது என்று கூறிவிடுவான். அக்கணத்தில் அவன் கற்றது ஒரு சொல்லின் வரலாறு மட்டுமன்று. "நீங்கள் சொல்வதற்குச் சான்று என்ன?" என்று எவரையும் மரியாதையோடு வினவும் துணிவையும் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு மற்றொன்றையும் உடன் கற்பித்தல் வேண்டும். வீட்டில் பாட்டி பேசும் சொல், பால்மரக் காட்டில் தாத்தா பேசிய சொல், அகராதியில் இல்லை என்பதற்காக இழிவானதன்று. அவற்றைக் கேட்டு, பொருளெழுதி, யார் கூறினார், எந்தத் தோட்டத்தில் கூறினார், எந்த ஆண்டில் எழுதினோம் என்று குறித்துவைக்கும் பணியை நம் தமிழ்ப்பள்ளிகள் மேற்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் இதற்குப் போதும். கூறுவோர் முதியோராதலின் காலம் தாழ்த்துதல் கூடாது. போஸ்டன் பத்திரிகைக்காரர் தம் வேடிக்கையை அச்சிட்டமையால் அஃது உலகச் சொல்லாக நிலைத்து, அதன் பிறந்தநாளும் தெரிகின்றது. நம் மக்கள் சொற்களுக்கும் நாளும் ஊரும் எழுதிவைப்போமாயின், நாளை ஆராய்வோர் கதை கட்ட வேண்டிய தேவை இராது.